ஐப்பசிக்குத் தள்ளிய முகூர்த்தம்

லூதியானா
22.7.2003

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி தனபால் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். சோற்றுக்குத்தான் இங்கே பஞ்சம், மற்றபடி சுகம். நீங்களும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்த சூட்டோடு உங்களைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ரயிலேறியது வழி முழுக்க உறுத்தியது. வலது கையைத் தூக்க முடிகிறதா? தையல் பிரித்தார்களா? டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். மார்பில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. உடம்பில் வேறெங்காவது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தால் அதைக் கொல்லத்தான் கீமோ ஊசி. ஒரு மாதத்தில் ஆரம்பித்துவிட வேண்டும், ஆறு வாரத்தைத் தாண்டவே கூடாது என்றார். தேதி வாங்கியதும் எழுதுங்கள்.

வாராவாரம் இங்கிருந்து திருப்பூர் ஆபீசுக்கு சாம்பிள் பார்சல் போகிறது. அதில்தான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். நீங்களும் ஆபீசில் கொடுத்துவிட்டால் மூன்றாம் நாள் என் கைக்கு வந்துவிடும். கம்பெனி போனில் பேசினால் மொத்த ஆபீசும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

என் கலியாணத்துக்கு, ஆவணி பதினான்குக்கு, இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. நிச்சயத்தன்று தரணி என்னிடம் பேசியது ஒரே ஒரு கேள்விதான்: லூதியானாவில் குளிர் எத்தனை டிகிரி? அதையே நூறு தரம் நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். மச்சானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி
தனபால்

---

மங்கலம்
28.7.2003

என் கண்ணு தனபாலுக்கு,

அக்கா பூவாத்தாள் ஆசையோடு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். தையல் பிரித்தாயிற்று. கை கொஞ்சம் இழுக்கிறது, அதனால்தான் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. உன் மச்சானுக்குத் தறிக் குடோனை விட்டால் வேறு உலகம் இல்லை, அவரும் சுகம்.

முதலில் கலியாணச் சேதியைக் கேள். முகூர்த்தச் சேலை எடுத்தாயிற்று. அரக்கு நிறம், கைநீளச் சரிகைப் பேட்டு. நான்தான் தேர்ந்தெடுத்தேன், தரணியின் அம்மாவுக்கு வாயே திறக்க இடம் கொடுக்கவில்லை. இணைச்சீருக்கு எனக்கும் ஒரு பட்டு எடுத்துக்கொண்டேன், மயில் கழுத்து நிறம். ஆஸ்பத்திரியில் கிடந்தவள் மாதிரியா இருக்கிறேன் என்று கடைக்காரரையே கேட்டேன். அவர் இன்னும் நாலு சேலையை எடுத்து விரித்தார்.

பூக்காரிக்கும் சொல்லியாயிற்று. தலை நிறைய மல்லிகை வைக்க வேண்டும், இடுப்பு வரை தொங்க வேண்டும். நீ ஏழு வயதில் அம்மா இல்லாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே இந்தச் சீருக்கு நான் நாள் குறித்துவிட்டேன் சாமி.

ஊசி விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாப்பிள்ளைப் பையனுக்கு அந்தக் கவலை எதற்கு? உடம்பைத் தேற்று, கன்னம் ஒட்டிப்போய் வந்து நிற்காதே.

ஆசியுடன்
அக்கா

---

லூதியானா
2.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தனபாலின் வணக்கம். நான் நலம். கோழி கிளறிய கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மச்சானையும் குடோனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எங்கள் சூப்பர்வைசர் சர்தார்ஜிக்கு இணைச்சீரை விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தாலி கட்டும் முன்பு மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டுடுத்தி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீர் பெற்றுக்கொள்வாள், தம்பி வீட்டில் அவளுக்குள்ள உரிமையை ஊரறியச் சொல்லும் சீர் அது, அது இல்லாமல் எங்கள் பக்கம் கலியாணம் இல்லை என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அப்போதுதான் உங்களுடைய நோயே அவர் அம்மாவுக்கும் வந்திருந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் பிழைத்து இப்போது பேரனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாராம். ஆனால் கீமோ போட்ட முதல் இரண்டு மாதம் எழுந்து நிற்கவே முடியவில்லையாம். முடியெல்லாம் கொட்டிவிட்டதாம்.

முடி போனால் போகட்டும் அக்கா, வளர்ந்துவிடும். ஆனால் அவ்வளவு அசதியோடு நீங்கள் எப்படி மணவறையில் உட்காருவீர்கள்? அதுதான் எனக்குக் கவலை. முதல் ஊசி என்றைக்கு? சேலையின் நிறத்தை எழுதிய கையால் அந்தத் தேதியையும் எழுதியிருக்கலாமே.

தம்பி
தனபால்

---

மங்கலம்
7.8.2003

என் சாமிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பத்திரிகைக்கு மாதிரி வந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் அச்சடிக்கக் கொடுக்க வேண்டியதுதான். உன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடச் சொன்னேன். அந்த டிப்ளமோவுக்கு நான் பட்ட பாட்டுக்கு அது என் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும். பந்தல்காரர், சமையல்காரர், நாதஸ்வரம் எல்லாம் பேசியாயிற்று. பந்தியில் இரண்டு இனிப்பு. ஒன்று போதும் என்று உன் மச்சான் சொன்னார். அவரைத் தறி ஓட்டப் போகச் சொல்லிவிட்டேன்.

நேற்று தரணி வீட்டார் வந்திருந்தார்கள். தரணியின் அம்மா என் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்து, இந்த வயதிலும் இவ்வளவு முடியா என்று கண்ணு வைத்துவிட்டார். அவர்கள் போனதும் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

என் உடம்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்காதே. எது எப்போது நடக்க வேண்டுமோ அப்போது நடக்கும். ஆவணி பதினான்கு நல்லபடியாக முடியட்டும். எனக்கு அது ஒன்றுதான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. போன் வேண்டாம், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை.

ஆசியுடன்
அக்கா

---

லூதியானா
12.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி எழுதுவது. நலம். நலத்தை விடுங்கள், நான் செய்திருக்கும் காரியத்தைக் கேளுங்கள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கலியாணத்தைத் தள்ளிவைத்துவிட்டேன்.

திட்டாமல் மேலே படியுங்கள். ஒரு மாதம் ஆகப் போகிறதே, ஊசி ஆரம்பித்திருப்பீர்கள், என்னிடம் சொன்னால் பயப்படுவேன் என்று மறைக்கிறீர்கள். எனக்கா தெரியாது? ஊசி போட்ட அசதியில் நீங்கள் மணவறையில் தள்ளாடுவதை என்னால் பார்க்க முடியாது. நேற்று தரணியின் அப்பாவுக்கு நானே போன் செய்து, அக்கா இரண்டு மூன்று ஊசி முடித்துத் தேறி வரட்டுங்க மாமா என்றேன். தங்கமான மனுசர், மறுபேச்சே இல்லை. ஆவணியை விட்டால் புரட்டாசி வந்துவிடும், புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் ஐப்பசி, நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மண்டபமும் கிடைத்துவிட்டது. உங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. நிம்மதியாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இருபது வருடமாக எனக்காக நீங்கள் செய்ததற்கு, உங்களுக்காக நான் செய்த முதல் காரியம் இதுதான். தரையில் கால் பாவவில்லை அக்கா.

தம்பி
தனபால்

---

மங்கலம்
16.8.2003

தம்பி தனபாலுக்கு,

அக்கா எழுதுவது. சுகம்.

யாரைக் கேட்டுத் தள்ளிவைத்தாய்? உடனே தரணியின் அப்பாவுக்குப் போன் செய். ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல். பந்தல்காரர் கோபித்துக்கொள்கிறார். ஐப்பசியில் மழை. தீபாவளி கழிந்த கையோடு எந்தச் சனம் வரும்? உனக்குத் தெரியாது தனபாலு, ஐப்பசி வரைக்கும் என்னால் இருக்க முடியாது. காரணம் கேட்காதே. அக்கா சொன்னால் ஒரு தடவையாவது கேள்.

பூவாத்தாள்

---

லூதியானா
21.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலம். நீங்கள் கோபமாக இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஐப்பசி வரை இருக்க முடியாதாமே! பேட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவ்வளவு அவசரமா? இனிமேல் மாற்றினால் தரணி வீட்டார் என்னை விளையாட்டுப் பிள்ளை என்று நினைப்பார்கள். பந்தல்காரரிடம் நான் பேசிவிட்டேன், ஐப்பசிக்கு இரண்டு வாழைமரம் கூடவே கட்டுகிறேன் என்கிறார். மழை வந்தால் நனைந்துகொண்டே தாலி கட்டுகிறேன். ஊசியை மட்டும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுதுங்கள்.

தம்பி
தனபால்

---

வெள்ளகோவில்
3.9.2003

வணக்கம்.

தரணி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. என்னென்னவோ எழுத ஆசைப்பட்டிருந்தேன்.

அருள்புரத்தில் என் கம்பெனி வேலை முடிந்ததும் நேற்று மங்கலம் போனேன், உங்கள் அக்காவின் பட்டுக்கு ரவிக்கை அளவு வாங்க. முகம் வாடியிருந்தது. ஆனால் பின்னல் அப்படியே இடுப்பைத் தாண்டித் தொங்கியது. இரண்டு ஊசி போட்ட பிறகும் முடி கொட்டவில்லையே அண்ணி, நல்லதுதான் என்றேன். அவர் காபி வைக்க உள்ளே போய்விட்டார்.

உங்கள் மச்சான் என்னைத் தறியைப் பார்க்கலாம் வா என்று குடோனுக்கு அழைத்துப் போனார். அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்திச் சொன்னார்.

"இன்னும் ஒரு ஊசி கூடப் போடலீங்க அம்மிணி. ஆர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிப்போட்டா. ஊட்டுல வெச்சுச் சொன்னா அவளுக்குக் கேட்டுரும்."

பெரிய மனுசர், கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். நேராக அடுப்படிக்குப் போய் அண்ணியிடமே கேட்டுவிட்டேன். முதலில் அதட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"மொட்டத்தலையோட அவம் பக்கத்துல உக்காந்தா சனம் மூலைக்கு மூல பேசும் கண்ணு. சீக்குக்காரிய எதுக்கு மணவறைல ஏத்தறீங்கன்னு பங்காளி ஊட்டுப் புள்ளைய உக்கார வெச்சுருவாங்க. அவன வளத்துனவ நானு. ஆவணில கலியாணம் முடிஞ்சிருந்தா அடுத்த நாளே ஊசிக்குப் போயிருப்பேன். ஒரு வாரந்தான தாண்டியிருக்கும்? இப்ப ஐப்பசின்னுட்டான். இத்தன நாள் இருந்துட்டேன், இன்னும் ரண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்."

நீங்கள் அவருக்காகத் தள்ளிவைத்தீர்கள். அவர் உங்களுக்காகத் தள்ளிக்கொண்டே போகிறார். ஒருவருக்கொருவர் பாசம் காட்டியே அவரைக் கொன்றுவிடுவீர்கள் போலிருக்கிறது. இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். எங்கள் கம்பெனியில் சரக்கு ஒரு வாரம் பிந்தினால் ஆபீசே தூங்காது. டாக்டர் சொன்ன தேதி போய் எத்தனை நாளாயிற்று, இங்கே எல்லோரும் பந்தல்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதை மீறிவிட்டேன். அண்ணி என்னோடு பேசாமல் போனாலும் சரி, உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். ஏதாவது செய்யுங்கள்.

தரணி

---

லூதியானா
8.9.2003

அக்காவுக்கு,

தனபால் எழுதுவது. நலம் விசாரிக்க மனமில்லை.

தரணியின் கடிதம் வந்தது. உடனே போன் செய்தேன். மச்சான் எடுத்து அழுதார், நீங்கள் வரவில்லை. நீங்கள் வந்திருந்தாலும் நானும் அழுதுதான் இருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம். கோபம் இல்லை, பயம். ஐப்பசிக்குத் தள்ளியது என் கை. ஊசி போட்டீர்களா என்று ஒரு வார்த்தை மச்சானைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நல்லது செய்கிறோம் என்ற குதியாட்டத்தில் கேட்கவில்லை. அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாது. இப்போது தெரியும். நீங்களும் போய்விட்டால் எனக்கு வீடு என்று சொல்ல ஒரு இடம் இல்லை.

சொன்னால் கேட்க மாட்டீர்கள். அதனால் சொல்லப் போவதில்லை. என் அறையில் பழனி காலண்டர் இருக்கிறதே, அதன் முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். முருகா, என் அக்கா உனக்கு மொட்டை போடுவாள், அவளை எனக்குக் கொடு என்று. முடிந்து வைக்க மஞ்சள் துணி கிடைக்கவில்லை. சாம்பிளுக்கு வந்த மஞ்சள் பனியன் துணியை வெட்டி ஒரு ரூபாயை முடிந்து இந்தப் பார்சலிலேயே அனுப்பியிருக்கிறேன். இனி அந்த முடி உங்களுடையது இல்லை. பழனி ஆண்டியுடையது. நேர்ந்த முடியை வைத்துக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால்தான் சாமி குற்றம். பழனிக்கு முடி எடுத்தவளை இறங்கு என்று சொல்ல நம் பக்கம் யாருக்கு வாய் வரும்?

டாக்டரைப் பார்த்துத் தேதி வாங்குங்கள். பழனிக்குப் போங்கள். ஊசி போடுங்கள். அந்தத் தலையோடு நீங்கள் என் பக்கத்தில் உட்காராவிட்டால் நான் தாலியைத் தொட மாட்டேன். தரணிக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் பிள்ளை
தனபால்

---

மங்கலம்
24.9.2003

என் சாமி தனபாலுக்கு,

உன் மொட்டை அக்கா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், வாந்திதான் பாடாய்ப் படுத்துகிறது. நீ சுகமா?

திருட்டுப் பயலே. என்னைக் கேட்காமல் என் தலைக்கு நேர்ந்துகொள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மஞ்சள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உன்னைத் திட்டினேன். பொழுது சாயும்போது உன் மச்சானைக் கூப்பிட்டு, சாமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான், கோயமுத்தூருக்குக் கிளம்புங்க என்றேன். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். தம்பிக்குக் கலியாணம் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"லேட்தாம்மா. இதனால எவ்வளவு பாதிக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு வந்துட்டீங்க. இனி ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது தனபாலு. அதுவரை கலியாணச் சந்தடியில் அதை உள்ளேயே விடவில்லை. வழியெல்லாம் உன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பழனிக்குத் தரணியும் வந்தாள். தலையில் கீறல் விழக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. அதை முடி எடுப்பவரிடம் சொல்லிச் சொல்லி அவர் கையை நடுங்க வைத்துவிட்டாள். முடி மடியில் விழுந்தபோது அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு சந்தனத்தைப் பூசிக்கொண்டு மலை மேல் காற்றில் நின்றேன். தலை இத்தனை லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே எடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை முதல் ஊசி ஏறியது. வாக்கை மீறியதற்காகத் தரணியை இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆசியுடன்
அக்கா

---

லூதியானா
1.10.2003

அன்புள்ள மொட்டை அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இன்றைக்குத்தான் நான் நிஜமாகவே நலம். கடிதத்தை சர்தார்ஜிக்கு இந்தியில் படித்துக் காட்டினேன், கம்பெனி முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். முதலாளி இருபத்தைந்தாம் தேதியில் இருந்து லீவு கொடுத்துவிட்டார். வாந்தி நிற்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்கிறார் சர்தார்ஜியின் அம்மா. ரசம் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

தம்பி
தனபால்

---

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி
3.11.2003

என் தம்பிக்கும் தரணிக்கும்,

அக்கா எழுதுவது. நீங்கள் இரண்டு பேரும் வெள்ளகோவிலில் விருந்தில் இருப்பீர்கள். மாப்பிள்ளை அதிகம் வெட்கப்படாமல் சாப்பிடட்டும்.

மூன்றாவது ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. இடது கையில் குழாய், வலது கை சும்மாதான் இருக்கிறது. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் மச்சான் கொண்டுவந்து தருவார்.

நேற்று நீ மணவறையில் உட்கார்ந்திருந்தாய், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. பட்டுடுத்தி நான் தயாராக நின்றேன். சீர் செய்து வைக்க வந்த அருமைக்காரம்மா மல்லிகைச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தபடி நின்றார். பூவை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தேன்? பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி பட்டுச் சேலையோடு ஓரமாக நின்றதையும் பார்த்தேன். ஆனால் என் வாய் எப்போதும் போலத் தயாராக இருந்தது.

"ஏனுங்க, பழனி ஆண்டிக்குப் பூவ எங்கீங்க போடறாங்க? அங்கயே எனக்கும் போடுங்க."

அருமைக்காரம்மா சிரித்துவிட்டார். சரத்தை இரண்டாக மடித்து என் கழுத்தில் மாலையாகப் போட்டார். அப்படியே வந்துதான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ திரும்பிப் பார்த்து, பூ வாசனை தூக்குதுங்க அக்கா என்றாயே, இத்தனை நாள் பட்டது அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துபோனது.

டாக்டர் இன்றைக்கும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. போகப் போகத்தான் தெரியுமாம். எனக்குப் பயம் இருக்கிறது, சந்தோசமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன்.

அடுத்த ஊசி நவம்பர் இருபத்துநாலு என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போகிறாள். என் மேல் இருக்கும் பாசத்தில் அந்த முகூர்த்தத்தை மட்டும் யாரும் தள்ளிவைத்துவிடாதீர்கள்.

இருவருக்கும் ஆசியுடன்
பூவாத்தாள்